தைராய்டை எடுத்துவிட்டால் உடம்பு வலி தீருமா?

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். வயது 43, எடை 62 கிலோ, பள்ளியில் தமிழாசிரியை. ஆறு வருடமாக ஹாஷிமோட்டோ தைராய்டு நோய், அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய். தைராய்டு ஹார்மோனை ஈடுகட்டத் தினமும் 75 மைக்ரோகிராம் தைராக்சின் மாத்திரை போடுகிறார். டிஎஸ்எச் என்பது தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு பற்றாவிட்டால் அது ஏறும். போன வருடம் அது 5.9 இருந்தது, இப்போது 2.4. தைராய்டைக் குறிவைக்கும் எதிர்ப்பொருளான (ஆன்டிபாடி) ஆன்டி டிபிஓ 640. ஸ்கேனில் சுரப்பி லேசாக வீங்கியிருக்கிறது, கட்டி எதுவும் இல்லை.

ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், உடம்பு மட்டும் நன்றாக இல்லை என்பதுதான் அவருடைய வேதனை. "போர்டில் மேல் வரி எழுதக் கையைத் தூக்கினால் தோள்பட்டை கழன்று விழுவது போல இருக்கிறது. மூன்றாவது பீரியடுக்குள் ஓய்ந்து போகிறேன். எட்டு மணி நேரம் தூங்கினாலும் தூங்கின மாதிரியே இல்லை. கண் உறுத்துகிறது, வாய் வறள்கிறது, தொண்டையை யாரோ பிடித்திருப்பது போல இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பி, நார்வே நாட்டில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிய செய்தியை அனுப்பியிருக்கிறார். ஹாஷிமோட்டோ நோயாளிகளுக்குத் தைராய்டை முழுதாக எடுத்தபோது அசதி குறைந்தது என்ற செய்தி அது. அதைக் காட்டியதும் ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் "செய்துவிடலாம்" என்று அடுத்த மாதம் தேதி கொடுத்துவிட்டார். அதோடு, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் வலியைக் குறைப்பது பற்றி அங்கே நடக்கும் ஓர் ஆராய்ச்சியில் சேரச் சொல்லி ஆறு பக்க ஆங்கிலப் படிவத்தையும் கையில் கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்கிறார் கணவர். சோதனை எலி ஆக்கிவிடுவார்கள் என்கிறார் கொழுந்தனார். நான் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்று. உங்கள் வலி நிஜமானது. "ரிப்போர்ட் நார்மல், எல்லாம் மனசுதான்" என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. டிஎஸ்எச் சரியாக இருந்தும் அசதியும் உடம்பு வலியும் விடாத ஹாஷிமோட்டோ நோயாளிகள் இருக்கிறார்கள். நார்வே மருத்துவர்கள் அப்படி ஓர் ஆய்வை நடத்தியதே அவர்களுக்காகத்தான்.

நான் கழுத்தில் அறுவை சிகிச்சை செய்கிறவன். எடுக்க வேண்டிய தைராய்டை எடுக்கத் தயங்குகிறவனும் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு, நீங்கள் இன்னும் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கும் இடத்துக்கே வரவில்லை என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது பாக்கி இருக்கிறது.

அந்த நார்வே ஆய்வில் இருந்தவர்கள் யார்?

நல்ல ஆய்வுதான், குறை சொல்ல மாட்டேன். நார்வேயின் டெலிமார்க் மருத்துவமனையில் 150 பேரை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தைராய்டை முழுதாக எடுத்து மாத்திரை கொடுத்தார்கள், மறு பாதிக்கு மாத்திரை மட்டும். 18 மாதம் கவனித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நாள்பட்ட அசதி இருந்தவர்கள் 82 சதவீதத்திலிருந்து 35 சதவீதமாகக் குறைந்தார்கள். மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் அப்படி மாற்றம் தெரியவில்லை. உங்கள் தம்பி உற்சாகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் யாரைச் சேர்த்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். ஆன்டி டிபிஓ 1000க்கு மேல் இருந்தவர்களை மட்டும்தான் எடுத்தார்கள். உங்களுடையது 640. நீங்கள் போய் நின்றிருந்தால் அந்த ஆய்வில் சேர்த்திருக்கவே மாட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பலன் உங்களுக்கும் கிடைக்கும் என்று சொல்ல அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. கிடைக்காது என்றும் அது சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்களை அவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது, யாருக்கு ஆபரேஷன் நடந்தது என்பது நோயாளிக்கும் தெரியும், மருத்துவருக்கும் தெரியும். பலனை அளந்தது கேள்வித்தாள் வழியாக: எவ்வளவு அசதி, உடல்நிலை எப்படி இருக்கிறது என்ற மாதிரி. பெரிய ஆபரேஷன் ஒன்றைச் செய்துகொண்டவருக்கு "இனி சரியாகிவிடும்" என்ற நம்பிக்கையே பாதி பலம் தரும். 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் மூட்டுத் தேய்மானம் உள்ள 180 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். சிலருக்கு முழங்காலுக்குள் கருவி விட்டுச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலில் மட்டும் கீறித் தைத்துவிட்டு, உள்ளே ஒன்றுமே செய்யவில்லை. இரண்டு தரப்புக்கும் வலி ஒரே மாதிரிதான் இருந்தது. நார்வே ஆய்விலும் அதுவேதான் நடந்தது என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் அங்கே ஆன்டிபாடி அளவும் நிஜமாகவே வெகுவாக இறங்கியது. ஆனால் பலனில் எவ்வளவு கத்தியால் வந்தது, எவ்வளவு நம்பிக்கையால் வந்தது என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

இன்னொரு எண்ணைச் செய்தியில் போட்டார்களோ இல்லையோ தெரியவில்லை. ஆபரேஷன் ஆனவர்களில் 14 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. ஏழு பேருக்கு ஒருவர்.

தொண்டைதான் உங்கள் பிழைப்பு

அந்தச் சிக்கல்கள் என்னென்ன என்று உங்களுக்கு விளக்கமாகச் சொல்லியாக வேண்டும், காரணம் நீங்கள் ஆசிரியை. குரல் நாண்களை அசைக்கும் நரம்பு, தைராய்டின் பின்புறம், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் உள்ள பள்ளத்தில் ஓடுகிறது. தடித்த நூல் அளவுதான் இருக்கும். ஹாஷிமோட்டோவில் சுரப்பி பல வருட அழற்சியால் இறுகி, சுற்றியுள்ளவற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தெடுக்கும்போது சாதாரணத் தைராய்டில் இல்லாத சிரமம் இதில் உண்டு. அந்த நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கரகரத்துப் போகும். பெரும்பாலும் சில மாதங்களில் திரும்பிவிடும், சிலருக்குத் திரும்பாது. சுரப்பியின் மேல் முனையில் இன்னொரு மெல்லிய நரம்பு இருக்கிறது. அதில் அடிபட்டால் சாதாரணப் பேச்சு நன்றாகவே இருக்கும், ஆனால் வகுப்பில் செய்யுளை இராகம் போட்டுச் சொல்லும்போது மேலே குரல் எழும்பாது.

அடுத்தது கால்சியம். தைராய்டை ஒட்டி அரிசி மணி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வரும் இரத்த ஓட்டம் கெட்டால், ஓரிரு நாளில் விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் சுருசுருவென்று மரத்துப்போகும், கை இழுத்துக்கொள்ளும். பலருக்கு இது தற்காலிகம். சிலர் ஆயுள் முழுக்கக் கால்சியமும் வைட்டமின் டி-யும் சாப்பிட வேண்டியிருக்கும்.

"சுரப்பியே இல்லாவிட்டால் மாத்திரைத் தொல்லையும் தீர்ந்துவிடுமே" என்று எழுதியிருக்கிறீர்கள். இதை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். இப்போது உங்கள் சுரப்பி கொஞ்சமாவது சுரந்துகொண்டிருக்கிறது, மீதியை மாத்திரை ஈடுகட்டுகிறது. முழுதாக எடுத்துவிட்டால் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் கணக்கு. உங்கள் எடைக்கு 100 மைக்ரோகிராம் பக்கம் வரும். இன்றைக்கு 75, அன்றைக்கு 100, ஒரு நாள்கூட விட முடியாது. தைராய்டு அறுவை சிகிச்சைக்காக 1909இல் நோபல் பரிசு வாங்கிய சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கரே, முழுச் சுரப்பியையும் எடுத்த தன் நோயாளிகளைத் திரும்ப அழைத்துப் பார்த்தபோது பலர் முகம் ஊதி, மந்தமாகிப் போயிருப்பதைக் கண்டு, 1883இல் அதை வெளிப்படையாக எழுதினார். அன்றைக்கு இந்த மாத்திரை கிடையாது.

ஆன்டிபாடி எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. 640 என்பதால் வலி அதிகம், அதைக் குறைத்தால் வலி குறையும் என்று கணக்குப் போடுகிறீர்கள். அந்த எண் வலியை அளக்கும் மீட்டர் இல்லை. ஆயிரத்துக்கு மேல் வைத்துக்கொண்டு ஒரு தொந்தரவும் இல்லாமல் வயல் வேலை பார்க்கிறவர்கள் உண்டு. உடலின் எதிர்ப்பு அணுக்கள் சொந்தச் சுரப்பியையே தாக்குகின்றன என்பதற்கு அது அடையாளம். 1912இல் ஜப்பான் மருத்துவர் ஹாஷிமோட்டோ, நான்கு பெண்களுக்கு ஆபரேஷனில் எடுத்த சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே அந்த எதிர்ப்பு அணுக்களான நிணநீர் அணுக்கள் அடைத்துக்கொண்டு நிற்பதைக் கண்டார். உங்கள் கழுத்திலும் நடப்பது அதுதான்.

கட்டியில் புற்றுநோய் சந்தேகம், மூச்சுக்குழாயை அழுத்தும் வீக்கம், சோறு இறங்காத நிலை, சுரப்பியே தாங்க முடியாமல் வலிக்கும் அபூர்வ வகை: இவை இருந்தால் நானே ஆபரேஷன் செய்யச் சொல்வேன். நீங்கள் அனுப்பிய ஸ்கேனில் அப்படி எதுவும் தெரியவில்லை.

பின்குறிப்பில் இருந்த மாத்திரை

உங்கள் நான்கு பக்கத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கடைசியில் போட்ட பின்குறிப்புதான். "முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, பார்லரில் சொன்ன முடி மாத்திரையை ஆறு மாதமாகப் போடுகிறேன், அதனால் ஒன்றும் இல்லையே?" என்று கேட்டு, அட்டையைப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறீர்கள். அதில் பயோட்டின் 10 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம்தான். முந்நூறு மடங்குக்கு மேல் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

அது உடம்புக்குப் பெரிய கெடுதல் செய்யாது. இரத்தப் பரிசோதனையைக் குழப்பிவிடும். நிறைய லேப்களில் டிஎஸ்எச் பார்க்கும் இயந்திரத்தின் வேதிமுறையே பயோட்டினை வைத்து நடக்கிறது. இரத்தத்தில் பயோட்டின் மிதந்துகொண்டிருந்தால் டிஎஸ்எச் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும், சில முறைகளில் ஆன்டிபாடி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது.

இப்போது உங்கள் எண்களைத் திரும்பப் பாருங்கள், டீச்சர். போன வருடம் 5.9, இப்போது 2.4. இடையில் மாத்திரை அளவு மாறவில்லை, எடையும் மாறவில்லை. புதிதாகச் சேர்ந்தது முடி மாத்திரை ஒன்றுதான். அந்த 2.4 பொய்யாக இருக்கலாம். உண்மையில் டிஎஸ்எச் ஏறியே இருந்து, தைராய்டு பற்றாமல் தசைகள் தளர்ந்திருக்கலாம். தோளும் இடுப்பும் வலிப்பது, கையைத் தூக்க முடியாதது, முடி கொட்டுவது எல்லாமே அதற்குப் பொருந்துகின்றன. கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, அந்த லேப் எந்த முறையில் பார்த்தது என்பதையும் பொறுத்தது. ஆனால் கண்டுபிடிக்க ஆகும் செலவு ஒரு டெஸ்ட்.

முடி மாத்திரையை மூன்று முழு நாள் நிறுத்துங்கள். நான்காம் நாள் காலை, தைராக்சின் போடுவதற்கு முன்னால் இரத்தம் கொடுங்கள். டிஎஸ்எச், இரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோனைக் காட்டும் ஃப்ரீ டி4 இரண்டும் பாருங்கள். லேபில் பயோட்டின் விஷயத்தைச் சொல்லுங்கள். தைராக்சினை எக்காரணம் கொண்டும் நிறுத்தவோ நீங்களாகக் கூட்டவோ வேண்டாம். அதிகமானால் இதயமும் எலும்பும் பாதிக்கும்.

அப்புறம் அந்தக் கால்சியம் மாத்திரை. தைராக்சின் போட்டு அரை மணி நேரத்தில் காபி, காபியோடு கால்சியம் என்று எழுதியிருக்கிறீர்கள். கால்சியம் தைராக்சினைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. இரண்டுக்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியத்தை இராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றுங்கள். காபிக்கும் இயன்றால் ஒரு மணி நேரம் விடுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் இப்படி ஒழுங்காக எடுத்துவிட்டு மறுபடியும் டிஎஸ்எச் பார்த்தால்தான் 75 போதுமா என்று உங்கள் டாக்டரால் சொல்ல முடியும்.

வலிக்கு வேறு காரணமும் இருக்கலாம்

கண் உறுத்தல், வாய் வறட்சி என்று எழுதியதைச் சாதாரணமாக விடாதீர்கள். உடல் தன்னையே தாக்கும் நோய்கள் எப்போதும் தனியாக வருவதில்லை, ஒன்று இருந்தால் இன்னொன்றும் கூடவே இருக்க வாய்ப்பு உண்டு. கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய் ஹாஷிமோட்டோவோடு சேர்ந்து வருவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். அதிலும் அசதியும் மூட்டு வலியும் பிரதானம். தைராய்டை எடுத்தால் இது தீராது. மூட்டு, தசை நோய்களைப் பார்க்கும் ஒரு ருமட்டாலஜி டாக்டரைப் பாருங்கள். தன்னையே தாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஏஎன்ஏ, கண்ணீர் அளவு பார்க்கும் சோதனை, தசை பாதிப்பைக் காட்டும் சிபிகே, கூடவே இரும்புச்சத்து, பி12, வைட்டமின் டி ஆகியவற்றை அவர் பார்த்துவிடுவார்.

எல்லாமே சரியாக இருந்து, தூக்கம் தெளியாமை, உடம்பெங்கும் வலி மட்டும் தொடர்ந்தால் ஃபைப்ரோமயால்ஜியாவா என்று யோசிக்க வேண்டும். அதற்கு மெதுவாகக் கூட்டிக்கொண்டே போகும் நடைப்பயிற்சிதான் முதல் மருந்து. இராத்திரி சிறிய அளவில் அமிட்ரிப்டிலின் கொடுப்பது வழக்கம். ஆனால் அது வாயை இன்னும் வறள வைக்கும், அதனால் உங்கள் வறட்சியை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை வாரம் நான்கு நாள் போடுவதை நிறுத்துங்கள். சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் நல்லதல்ல.

கையெழுத்துக் கேட்ட காகிதம்

இங்கே உங்கள் கணவர் சொல்வதும் சரியில்லை, கொழுந்தனார் சொல்வதும் சரியில்லை.

ஆபரேஷன் முடிந்ததும் கழுத்தின் பக்கவாட்டுத் தசையின் பின் விளிம்பில் மரத்துப்போகும் ஊசி போட்டால், முதல் நாள் வலி குறைகிறதா என்று பார்ப்பதுதான் அந்த ஆராய்ச்சி. ஒரு குழுவுக்கு மருந்து, மற்றக் குழுவுக்கு உப்பு நீர். ஏற்கெனவே பல இடங்களில் செய்து பார்த்த ஊசிதான், முதல் 24 மணி நேர வலியை ஓரளவு குறைக்கிறது. உப்பு நீர் போடுவது ஏமாற்று ஆகாது, முன்கூட்டியே உங்களிடம் சொல்லியிருக்கிறார்களே. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: "எந்தக் குழுவில் இருந்தாலும், வலி வந்து நான் கேட்டால் உடனே வலி மருந்து தருவீர்களா?" தருவோம் என்று படிவத்திலேயே இருக்க வேண்டும்.

ஆனால் இது ஆபரேஷன் அன்று வரும் காய வலியைப் பற்றிய ஆராய்ச்சி. ஆறு வருடத் தோள் வலிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கடிதத்தில் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியிருக்கிறீர்கள். "வலி பற்றிய ஆராய்ச்சி" என்று சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

உங்கள் உரிமை என்ன? சேர மறுக்கலாம், சேர்ந்த பிறகும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம். அதற்காகச் சிகிச்சையைக் குறைக்கவோ தேதியைத் தள்ளவோ கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தகவல் தாள் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், எனவே தமிழில் கேளுங்கள். நீங்கள் தமிழாசிரியை, ஆங்கிலம் வராது என்று கூச்சப்பட வேண்டியதில்லை. கையெழுத்திட்டால் ஒரு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டா என்று பாருங்கள். ஆராய்ச்சியை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் அந்தத் தாளிலேயே இருக்கும், சந்தேகம் இருந்தால் அவர்களிடமே பேசலாம். சிடிஆர்ஐ என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவ ஆராய்ச்சிகளுக்காக 2007இலிருந்து நடக்கும் அந்த தேசியப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம், தம்பியிடம் சொன்னால் இரண்டு நிமிடத்தில் எடுத்துத் தருவார்.

எலி என்ற பயமும் வேண்டாம். இன்றைக்கு நாம் கொடுக்கும் ஒவ்வொரு வலி மருந்தும் யாரோ சிலர் இப்படி முன்வந்து கையெழுத்துப் போட்டதால் வந்ததுதான். என்றைக்காவது உங்களுக்கு ஆபரேஷன் நிஜமாகவே தேவைப்பட்டு, படிவத்தைத் தமிழில் படித்து, மனசுக்கும் சரி என்று பட்டால் தாராளமாகச் சேருங்கள். ஆபரேஷனே முடிவாகாத நேரத்தில் அதற்கு அவசரம் என்ன?

அடுத்த மாதத் தேதியை எப்படித் தள்ளுவது என்று சங்கடப்படுவீர்கள் என்று தெரியும். நீண்ட விளக்கம் வேண்டாம். போன் செய்து, "டாக்டர், நான் பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், தைராய்டு டெஸ்டைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கிறது, ரிசல்ட் வந்ததும் தேதி பேசிக்கொள்ளலாம்" என்று சொல்லுங்கள். இதைக் கேட்டு எந்த அறுவை சிகிச்சை நிபுணரும் கோபிக்க மாட்டார்.